சராசரி 35, வரம்பு 100 மைக்ரோசெகண்ட், ஆனாலும் ஓவர்ரன்: மோட்டார் மாடலை எங்கே சோதிப்பது?

மின்சுழலி:
எல்லோருக்கும் வணக்கம். நிரந்தரக் காந்த மோட்டார், அதை ஓட்டும் இன்வெர்ட்டர், இயந்திரச் சுமை, காயிலின் வெப்பம் எல்லாம் சேர்ந்த ஒரு மாடல் சிமுலிங்க் மென்பொருளில் இருக்கிறது. அதிலிருந்து சி நிரல் எடுத்து, இதற்கென்றே ஒதுக்கிய நான்கு கோர் தொழில்துறைக் கணினியில் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்ற நிகழ்நேர லினக்ஸின் மேல் ஓட்டுகிறேன். எதிர்ப்பக்கம் இருப்பது நிஜ கன்ட்ரோலர் போர்டு. அது 10 கிலோஹெர்ட்ஸில் பிடபிள்யூஎம், அதாவது மின்னழுத்தத்தை அகலத்தால் சொல்லும் துடிப்புகளை, அனுப்பும். ஐஓ (உள்ளீடு-வெளியீடு) கார்டு அதைப் படிக்கும். மாடல் கணக்குப் போட்டு மின்னோட்டத்தையும் ரோட்டர் கோணத்தையும் அனலாக் வழியாகத் திருப்பித் தரும். ஒரு கணக்குச் சுற்று, அதாவது ஸ்டெப், 100 மைக்ரோசெகண்ட்.

தொல்லை ஒன்றல்ல. ஒரு ஸ்டெப்பின் கணக்கு நேரம் சராசரியாக 35 மைக்ரோசெகண்ட்தான். ஆனால் மோட்டாரை நிறுத்திவிட்டால், கொஞ்ச நேரத்தில் அது 80, 90 என்று ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது, சில சமயம் 100-ஐயும் தாண்டி ஓவர்ரன் ஆகிறது. திரும்பச் சுழலவிட்டதும் இறங்கிவிடுகிறது. இதோடு சம்பந்தமே இல்லாமல் எப்போதாவது 200-ஐத் தாண்டும் ஒற்றை உச்சமும் வருகிறது, அதில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. கடைசியாக, மேசைக் கணினியில் அமைதியாக இருந்த கரன்ட் லூப் (கன்ட்ரோலரின் மின்னோட்டக் கட்டுப்பாடு) இங்கே நடுங்குகிறது. அந்த நடுக்கமும் சுமார் இரண்டு நொடிக்கு ஒருமுறை மெதுவாகப் பெருகி அடங்குகிறது.

திரெட் எழும் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் அதிகபட்சமாக 12 மைக்ரோசெகண்ட் காட்டுகிறது, அதனால் கெர்னல் சரியாக இருப்பதாக நினைக்கிறேன். வேகமான செயலி வாங்கினால் தீருமா?

நேரக்காவலன்:
வாங்காதீர்கள், குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. செயலியை மாற்றினால் முதலாவது மறைந்துவிடும், ஆனால் குணமாகாது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

சில கேள்விகள். நீங்கள் சொல்லும் 35-இல் ஐஓ கார்டைப் படித்து எழுதும் நேரமும் சேர்ந்ததா? ஸ்டெப் தொடங்க வேண்டிய நேரம், நிஜமாகத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மூன்றையும் தனித்தனியே பதிவு செய்கிறீர்களா? பலர் கடைசி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பார்கள். தாமதமாக எழுந்ததால் வந்த ஓவர்ரனும், அதிகமாகக் கணக்குப் போட்டதால் வந்த ஓவர்ரனும் அதில் ஒன்றுபோலவே தெரியும். அப்புறம், சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் எது?

பெட்டிக்காரர்:
நான் வேறு கட்சி. ஸ்பீட்கோட், டிஸ்பேஸ், ஓபல்-ஆர்டி மாதிரி ஆயத்தப் பெட்டிகள் இதற்காகவே இருக்கின்றன. பயாஸ் முதல் ஐஓ டிரைவர் வரை அவர்களே சோதித்துக் கொடுப்பார்கள். பொது லினக்ஸில் உட்கார்ந்து உச்சங்களைத் துரத்துகிற பொறியாளரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்தால் பெட்டியின் விலை பெரிதாகத் தெரியாது.

நேரக்காவலன்:
@பெட்டிக்காரர் இரண்டாவது நோய்க்கு மட்டும் நீங்கள் சொல்வது பொருந்தும். பயாஸ் தொல்லை அந்தப் பெட்டிகளில் குறைவு. ஆனால் முதலாவதும் மூன்றாவதும் மாடலிலும் இணைப்பிலும் இருப்பவை, எந்தப் பெட்டியில் போட்டாலும் கூடவே வரும்.

மின்சுழலி:
ஐஓ நேரமும் சேர்த்துத்தான் 35, அதில் கார்டுக்கே 9 போய்விடுகிறது. தொடங்கிய நேரத்தை இதுவரை தனியாகப் பதிவு செய்யவில்லை, இன்றே சேர்க்கிறேன். சால்வர் நான்காம் வரிசை ரங்கே-குட்டா, நிலையான ஸ்டெப். மாறிகள் எல்லாம் டபுள். கன்ட்ரோலருக்குப் போகும் சிக்னல்களில் நிறைய லோ-பாஸ் ஃபில்டர்கள் உண்டு. பெரும்பாலானவற்றின் நேர மாறிலி 1 மில்லிசெகண்ட், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு.

மிதவைப்புள்ளி:
ஃபில்டர்கள் என்று சொன்னதுமே முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. இது டீநார்மல்.

மோட்டார் நின்றதும் ஃபில்டருக்குள் வரும் எண் சுழியம் ஆகிவிடும். ஃபில்டரின் நிலை மட்டும் சுழியத்தை நோக்கித் தேய்ந்துகொண்டே போகும், அதை எட்டாது. ஐஈஈஈ 754 டபுளில் முழுத் துல்லியத்தோடு எழுதக்கூடிய மிகச் சிறிய எண் ஏறத்தாழ 2.2 பெருக்கல் 10-இன் மைனஸ் 308 அடுக்கு. அதற்கும் கீழே போனால் டீநார்மல் பகுதி. அங்கே பல இன்டெல் கோர்களில் ஒரு சாதாரணப் பெருக்கல்கூட மைக்ரோகோடின் உதவிக்குப் போய்விடும், ஒவ்வொன்றும் நூறு கடிகாரச் சுழற்சிகளுக்கு மேல் பிடிக்கும். ரங்கே-குட்டாவில் ஒரு ஸ்டெப்புக்கு நான்கு முறை கணக்கு, அதனால் அடியும் நான்கு முறை.

காலக்கணக்கும் ஒத்துப்போகிறது. 1 என்ற மதிப்பு அடுக்குக்குறியாகத் தேய்ந்து அந்த எல்லைக்கு வர ஏறத்தாழ 708 நேர மாறிலிகள் ஆகும். 1 மில்லிசெகண்ட் ஃபில்டர் என்றால் 0.7 நொடி. உங்கள் 'கொஞ்ச நேரத்தில்' அதுதானா என்று பாருங்கள். சிங்கிளில் எழுதியிருந்தால் 87 நேர மாறிலிகளிலேயே இது நடந்திருக்கும்.

தீர்வு இரண்டே வரி. செயலியின் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் எஃப்டிஇசட், டிஏஇசட் என்று இரண்டு பிட்கள் இருக்கின்றன. ஒன்று டீநார்மல் விடையைச் சுழியம் ஆக்கும், மற்றது டீநார்மல் உள்ளீட்டைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். அந்த ரெஜிஸ்டர் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி, ஆகவே நிகழ்நேர திரெட்டின் தொடக்கத்திலேயே இரண்டையும் போடுங்கள்.

சிலர் இதற்காக ஜிசிசி கம்பைலரின் ஃபாஸ்ட்-மேத் கொடியைப் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அது 'எண் அல்ல' என்ற மதிப்பே வராது என்று எடுத்துக்கொண்டு மற்ற கணக்குகளையும் மாற்றும். கன்ட்ரோலர் போர்டுக்குத் தப்பான மின்னோட்டம் போகக்கூடாது என்று நீங்கள் எழுதி வைத்த சோதனையே காணாமல் போகலாம்.

புதுமுகம்:
நடுவில் ஒரு அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். எதற்கு நிலையான ஸ்டெப்? மேசைக் கணினியில் நான் பயன்படுத்தும் மாறும் ஸ்டெப் சால்வரையே இங்கேயும் போட்டால் என்ன?

நேரக்காவலன்:
மாறும் ஸ்டெப் சால்வர் பிழை பெரிதானால் ஸ்டெப்பைப் பாதியாக்கித் திரும்பக் கணக்குப் போடும். எத்தனை முறை என்பது முன்கூட்டித் தெரியாது. இங்கே 100 மைக்ரோசெகண்ட் ஆனதும் கன்ட்ரோலர் தன் ஏடிசியை (அனலாக்கை எண்ணாக்கும் பகுதி) படித்துவிடும், நமக்காகக் காத்திருக்காது. ஆகவே ஒவ்வொரு ஸ்டெப்பிலும் வேலையின் அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இன்வெர்ட்டர் சுவிட்சுக்கு இணையாக 10 ஓம், 10 நானோஃபாரட் ஸ்னப்பர் (மின்னழுத்த உச்சத்தைத் தணிக்கும் சுற்று) வைத்தால் அதன் நேர மாறிலி 0.1 மைக்ரோசெகண்ட். எளிய ஆய்லர் முறை நிலையாக இருக்க ஸ்டெப் அதன் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது 0.2. நான்காம் வரிசை ரங்கே-குட்டாவில்கூட சுமார் 2.8 மடங்குதான். 100 மைக்ரோசெகண்டில் ஓட்டினால் எண்கள் வெடித்துவிடும். மேசையில் மாறும் ஸ்டெப் சால்வர் சத்தமில்லாமல் சமாளித்ததால் அந்த ஸ்னப்பர் அங்கே இருப்பதே மறந்துபோயிருக்கும். இலக்குக் கணினிக்குக் கொண்டுபோகும் முன் மேசையிலேயே நிலையான ஸ்டெப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

அடித்தளம்:
இப்போது அந்த ஒற்றை உச்சங்களுக்கு வருவோம்.

@மின்சுழலி சைக்ளிக்டெஸ்ட் 12 காட்டுவதால் கணினி சரி என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் கருவி ஓடும்போது சிபியு-டிஎம்ஏ-லேட்டன்சி என்ற சாதனக் கோப்பைத் திறந்து அதில் சுழியம் எழுதிப் பிடித்துக்கொள்ளும். அதனால் கோர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாது. சோதனை முடிந்ததும் கோப்பு மூடும், கோர் மறுபடி தூங்கும். உங்கள் மாடல் ஓடும்போது அந்தக் காவல் இல்லை. ஆழ்ந்த சி-நிலையிலிருந்து (செயலியின் உறக்க நிலை) எழப் பத்துக்கணக்கில் மைக்ரோசெகண்ட் ஆகும், சில செயலிகளில் நூறுக்கு மேலும் போகும். உங்கள் நிரலும் அதே கோப்பைத் திறந்து, சுழியம் எழுதி, முடியும்வரை மூடாமல் வைத்திருக்க வேண்டும், அல்லது பயாஸில் சி-நிலைகளை அடியோடு நிறுத்த வேண்டும். சைக்ளிக்டெஸ்டையும் வெறும் கணினியில் ஓட்டிப் பயனில்லை. பக்கத்திலேயே வட்டு, நெட்வொர்க், நினைவகம் மூன்றுக்கும் சுமை கொடுத்து ஓட்டுங்கள்.

உறக்கத்தின் தாமதம் 'தொடங்கிய நேரத்தில்' தெரியும். கணக்கின் நடுவிலேயே 200 மைக்ரோசெகண்ட் காணாமல் போகிறது என்றால் என் சந்தேகம் எஸ்எம்ஐ. சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட் வந்தால் செயலி இயங்குதளத்துக்குச் சொல்லாமலே பயாஸின் நிரலுக்குள் போய்விட்டு வரும். கெர்னலால் அதைத் தடுக்க முடியாது, நேரடியாகப் பார்க்கவும் முடியாது. ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்ன, எந்த ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) போட்டாலும் அதே கதைதான். இன்டெல் செயலிகளில் இதை எண்ண ஒரு எம்எஸ்ஆர் (செயலியின் உள் ரெஜிஸ்டர்) இருக்கிறது, டர்போஸ்டாட் கருவி அதைத் தனி நெடுவரிசையாகக் காட்டும். உச்சம் வந்த நேரத்தில் அந்த எண் ஒன்று ஏறியிருந்தால் ஆள் சிக்கிவிட்டார். எச்டபிள்யூலாட்-டிடெக்ட் கருவியும் உதவும்.

வழக்கமான குற்றவாளி பயாஸின் யுஎஸ்பி லெகசி எமுலேஷன். பழைய இயங்குதளங்களுக்காக யுஎஸ்பி விசைப்பலகையைப் பழைய விசைப்பலகை மாதிரி நடிக்க வைக்கும் வசதி அது. முதலில் அதை அணையுங்கள். வெப்பநிலை, விசிறிக் கட்டுப்பாடு பயாஸ் கையில் இருந்தால் அதுவும் காரணமாகலாம். ஆனால் எஸ்எம்ஐயை மொத்தமாக அடைக்கும் குறுக்குவழிகளைத் தொடாதீர்கள். செயலி சூடேறினால் காப்பாற்றுவதும் சில போர்டுகளில் அதே வழியில்தான்.

மிச்சமெல்லாம் வழக்கம்தான்: ஹைப்பர்த்ரெடிங் வேண்டாம், ஐசோல்சிபியூஸ் வைத்து ஒரு கோரை ஒதுக்குங்கள், இன்டரப்ட்களை வேறு கோருக்குத் திருப்புங்கள், எம்லாக்ஆல் போட்டு நினைவகத்தைப் பூட்டுங்கள், முன்னுரிமை 99 கொடுக்காதீர்கள், 80 போதும். கெர்னல் எந்தப் பதிப்பு?

மின்சுழலி:
6.1, ப்ரீஎம்ப்ட்-ஆர்டி பேட்ச் தனியாகப் போட்டது. ஹைப்பர்த்ரெடிங் அணைத்தாயிற்று, கோரும் ஒதுக்கியாயிற்று. சி-நிலைகளைத் தொடவில்லை.

அடித்தளம்:
போதும். பேட்ச் வேலை பிடிக்காவிட்டால் 6.12-க்குப் போகலாம். 2024-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து ப்ரீஎம்ப்ட்-ஆர்டி முதன்மைக் கெர்னலிலேயே இருக்கிறது.

பழையகம்பி:
ஒரு சின்னச் சேர்க்கை. லாக் எழுதும் திரெட்டும் நிகழ்நேர திரெட்டும் ஒரே மியூடெக்ஸை (பூட்டு) பகிர்கின்றனவா? முன்னுரிமை தலைகீழாவதற்கு, அதாவது மேல் பணி கீழ்ப் பணிக்காகக் காத்து நிற்பதற்கு, அதுவே போதும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் மறுபடி மறுபடி ரீசெட் ஆனது இதனால்தான். அதன் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் அந்த மியூடெக்ஸுக்கு முன்னுரிமை மரபுரிமை (பூட்டை வைத்திருக்கும் பணிக்குக் காத்திருப்பதன் முன்னுரிமையைத் தருவது) அணைந்திருந்தது, பூமியிலிருந்தே அதைப் போட்டுச் சரிசெய்தார்கள். உங்களுக்குப் பூட்டே வேண்டாம். ஒருவர் எழுத ஒருவர் படிக்கும் ரிங் பஃபர் போதும். பஃபர் நிரம்பினால் லாக் விழட்டும், மாடல் நிற்கக்கூடாது.

சிமுலிங்க் மாடலை நிகழ்நேரத்தில் ஓட்டிய எக்ஸ்பிசி டார்கெட் காலத்தில் இந்தக் கவலையெல்லாம் இவ்வளவு இல்லை. அதன் சொந்தக் கெர்னலில் நம் மாடலைத் தவிர ஓடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. பெயர் சிமுலிங்க் ரியல்-டைம் ஆகி, 2020-இல் கியூஎன்எக்ஸ் இயங்குதளத்துக்கும் போய்விட்டது. சரி, பழங்கதை போதும்.

கட்டக்கோணம்:
மூன்றாவது நோயை யாரும் தொடவில்லை. எனக்கு இதுதான் சுவாரசியமானது, ஏனென்றால் இதற்கும் ஓவர்ரனுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ஓவர்ரன்கூட இல்லாமல் ஓடினாலும் இந்த நடுக்கம் இருக்கும்.

கார்டு பிடபிள்யூஎம் பின்னின் நிலையைப் படிக்கிறதா, டியூட்டியை (ஒரு சுழற்சியில் துடிப்பு மேலே இருக்கும் பங்கு) அளந்து கொடுக்கிறதா?

மின்சுழலி:
விளிம்புகளைக் கவுண்டரில் பிடித்து, ஒவ்வொரு சுழற்சிக்கும் டியூட்டியைத் தருகிறது.

கட்டக்கோணம்:
நல்லது. 10 கிலோஹெர்ட்ஸ் பின்னை 100 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்திருந்தால் 'மேலே, கீழே' என்பதைத் தவிர ஒன்றும் கிடைத்திருக்காது.

இப்போது தாமதத்தைக் கூட்டுங்கள். ஒரு சுழற்சி முடிந்தால்தான் அதன் டியூட்டி தெரியும், அது 100 மைக்ரோசெகண்ட். தெரிந்தது கார்டில் காத்திருக்கும், உங்கள் அடுத்த ஸ்டெப் வந்து அதை எடுக்கும்வரை. அந்தக் காத்திருப்பு 0 முதல் 100 மைக்ரோசெகண்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். கணக்கு முடிந்ததும் வெளியீட்டை உடனே எழுதுகிறீர்களா, அடுத்த ஸ்டெப்பின் தொடக்கத்திலா? தொடக்கத்தில் என்றால் இன்னொரு 100. நிஜ மோட்டாரில் இந்தக் காத்திருப்புகள் கிடையாது, காயில் மின்னழுத்தத்துக்கு அந்தக் கணமே பதில் சொல்லும். அப்படியானால் உங்கள் லூப்பில் மொத்தம் 200 முதல் 300 மைக்ரோசெகண்ட் உபரித் தாமதம். சராசரி 250 என்று வைத்து, லூப்பின் கிராஸ்ஓவர் (கெயின் 1 ஆகும் அதிர்வெண்) 500 ஹெர்ட்ஸ் என்றால் 360 × 500 × 0.00025 = 45 பாகை. 60 பாகை கட்ட மார்ஜினோடு (நிலைகுலையும் முன் கையிருப்பில் உள்ள கோணம்) வடிவமைத்த கன்ட்ரோலரிடம் 15 மிஞ்சும். நடுங்காமல் என்ன செய்யும்?

அந்த இரண்டு நொடி அலைக்கு வருவோம். கன்ட்ரோலருக்கு ஒரு கடிகாரக் கிரிஸ்டல், உங்கள் கணினிக்கு ஒரு கிரிஸ்டல். இரண்டுக்கும் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50) வித்தியாசம் இருந்தால் 10,000 ஹெர்ட்ஸில் அது நொடிக்கு 0.5 ஸ்டெப் நழுவல். அதாவது இரண்டு நொடியில் ஒரு முழு ஸ்டெப். அந்த நேரத்தில் காத்திருப்பு 0-விலிருந்து 100 வரை மெதுவாக ஊர்ந்து, சட்டென்று திரும்பக் குதிக்கும். மார்ஜினும் கூடவே ஏறி இறங்கும். நீங்கள் பார்க்கும் பெருக்கமும் அடக்கமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரின் பிடபிள்யூஎம் தொடக்கத்தில் ஒரு ஒத்திசைவுத் துடிப்பு வெளியே கிடைக்குமா? கிடைத்தால் கணினியின் டைமரை விட்டுவிட்டு, கார்டின் இன்டரப்ட் வழியாக அதையே ஸ்டெப்பின் தூண்டுதலாக்குங்கள். நழுவல் ஒழியும். பிறகு, கணக்கு முடிந்ததும் மதிப்பைக் கார்டுக்கு அனுப்பி, கார்டின் சொந்த டைமரால் துடிப்புக்குப் பின் 60-ஆவது மைக்ரோசெகண்டில் வெளியிடச் சொல்லுங்கள். கணக்கு நேரம் முன்பின் ஆனாலும் வெளியீட்டு நேரம் அசையாது. உபரித் தாமதம் 160-இல் நிலைத்து நிற்கும்.

துடிப்பளவு:
160-உம் அதிகம்தான், 500 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 29 பாகை. என் கருத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் சுவிட்சிங்கைச் செயலியில் சிமுலேட் செய்வதே தவறான இடத்தில் செலவிடும் உழைப்பு. இன்வெர்ட்டரையும் காயிலையும் எஃப்பிஜிஏவில் (நாமே சுற்றை அமைக்கக்கூடிய சிப்) 1 மைக்ரோசெகண்ட் ஸ்டெப்பில் போடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கேட் விளிம்பு 10 நானோசெகண்ட் துல்லியத்தில் கிடைக்கும். டெட்-டைம் (இரண்டு சுவிட்சுகளும் அணைந்திருக்கும் சிறு இடைவெளி) விளைவும் மின்னோட்டச் சிற்றலையும் தெரியும். சுமையும் வெப்பமும் செயலியிலேயே இருக்கட்டும்.

கட்டக்கோணம்:
எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டெட்-டைம் ஈடுசெய்தலையோ சென்சார் இல்லாத கோணக் கணிப்பையோ சோதிப்பதாக இருந்தால் எஃப்பிஜிஏ கட்டாயம், வாதமே இல்லை. ஆனால் வேக லூப், பிழை நிலைமைகள், பாதுகாப்பு நிறுத்தம் என்றால் டியூட்டியின் சராசரி மாடல் போதும். எஃப்பிஜிஏவில் ஒரு அளவுருவை மாற்றினாலும் மறுபடி சின்தசிஸ் (சுற்றை மீண்டும் உருவாக்குதல்), மணிக்கணக்கில் உட்கார வேண்டும். மாடல் வாரந்தோறும் மாறும் கட்டத்தில் அது பெரிய சுமை.

துடிப்பளவு:
அளவுருக்களை ரெஜிஸ்டரில் வைத்தால் சின்தசிஸ் தேவையில்லை. அமைப்பு மாறினால் மட்டும் தேவை. ஆனால் கரன்ட் லூப்பை அந்த 29 பாகையோடு சோதித்துவிட்டு 'சரி' என்று அறிக்கை எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

கட்டக்கோணம்:
அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த அமைப்பில் கரன்ட் லூப்பின் கெயினை முடிவு செய்யக்கூடாது.

மின்சுழலி:
எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எஃப்டிஇசட், டிஏஇசட் போட்டதும் மோட்டார் நின்றாலும் கணக்கு நேரம் 35-லேயே இருக்கிறது. ஏற்றம் தொடங்கிய நேரமும் 0.7 நொடிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வெப்ப மாடலைத் தனியே 10 மில்லிசெகண்ட் பணியாக்கி அதே கோரில் குறைந்த முன்னுரிமையில் வைத்தேன், சராசரி 31 ஆனது.

உச்சங்களில் இரண்டு வகை கலந்திருந்தன. தொடங்கிய நேரத்தைத் தனியே பதிந்ததும் பாதி அங்கே தெரிந்தன, சி-நிலைகளை நிறுத்தியதும் அவை போய்விட்டன. மிச்சம் எஸ்எம்ஐ. எஸ்எம்ஐ எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் உச்சம் வந்தது. யுஎஸ்பி லெகசியை அணைத்தபின் அந்த எண்ணிக்கை ஏறுவதே இல்லை, இரவு முழுக்கச் சுமையோடு ஓடியதில் உச்சம் 52.

கன்ட்ரோலர் போர்டில் ஒத்திசைவுத் துடிப்பு ஒரு சோதனைப் புள்ளியில் கிடைத்தது. இரண்டு நொடி அலை போயே போய்விட்டது. வேகமான நடுக்கம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. கரன்ட் லூப்புக்கு மட்டும் எஃப்பிஜிஏ கார்டு கேட்டிருக்கிறேன், அதுவரை வேக லூப் சோதனைகள் இதிலேயே நடக்கும்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இனி ஓவர்ரன் வந்தால் உடனே நிறுத்துவதா, எண்ணிவிட்டுத் தொடர்வதா?

நேரக்காவலன்:
வெப்பப் பணியைப் பிரித்தது நல்லது. ஆனால் இரண்டு பணிகளுக்கும் நடுவே தரவு போகும் இடத்தில் ரேட் டிரான்சிஷன் பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து படிக்க நேரும். எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஓவர்ரன் விஷயத்தில், பதிவாகும் சோதனையின் நடுவில் ஒன்று வந்தாலும் அந்த ஓட்டம் செல்லாது என்று குறித்துவிட வேண்டும். நிறுத்துவதா என்பது எதிரே இருப்பதைப் பொறுத்தது. உங்களிடம் இருப்பது கன்ட்ரோலர் போர்டு மட்டும், பவர் சுற்று இல்லை. அதனால் எண்ணிக்கொண்டு தொடரலாம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் நிறுத்துங்கள். நிஜ இன்வெர்ட்டரும் மோட்டாரும் மாட்டும் நாளில் முதல் ஓவர்ரனிலேயே வெளியீடுகள் பாதுகாப்பான நிலைக்குப் போக வேண்டும். அந்த வேலையை மாடல் ஓடும் அதே நிரலிடம் விடாதீர்கள், கார்டில் வாட்ச்டாக் (மாடல் பேசாவிட்டால் தானே செயல்படும் டைமர்) இருந்தால் அதற்குக் கொடுங்கள். மாடல் தொங்கிப்போனால் 'நிறுத்து' என்று சொல்லவும் அங்கே ஆள் இருக்காது.

மின்சுழலி:
கார்டில் வாட்ச்டாக் இருக்கிறது, ஆனால் காலாவதியானால் அனலாக் வெளியீடு கடைசி மதிப்பிலேயே நிற்கும் என்று கையேடு சொல்கிறது.

அடித்தளம்:
அப்படியானால் மின்னோட்ட சிக்னல் உறைந்துபோய் கன்ட்ரோலர் இன்டக்ரேட்டரை ஏற்றிக்கொண்டே போகும். வாட்ச்டாகின் டிஜிட்டல் வெளியீட்டைக் கன்ட்ரோலரின் எனேபிள் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். அனலாக் எப்படியோ நிற்கட்டும், கேட் துடிப்பு நின்றால் போதும்.